முன்பின் தெரியாத என்னிடம் கடையை விட்டுவிட்டுப் போன ஆயா: எதை நம்பிப் போனார்?

கொண்டைஊசி20

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். 17ஆவது வளைவு தாண்டியதும் வண்டி சூடாகிவிட்டதால் ஓரம் கட்டினேன். அங்கே தார்ப்பாய் கட்டிய சின்னக் கடை ஒன்று, ஒரு ஆயா உட்கார்ந்திருந்தார். கொய்யா, மலைவாழை, மிளகுப் பொட்டலம், அவ்வளவுதான் சரக்கு. கொய்யா ஒன்று வாங்கி உப்பு மிளகாய்த்தூள் தடவிப் பாதி தின்பதற்குள் ஆயா எழுந்துவிட்டார். "தம்பி, ஒரு எட்டு வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன், கடையப் பாத்துக்க. கொரங்கு வந்தா கல்லை எடுத்துக் காட்டு, அடிக்க வேண்டாம், காட்டினாப் போதும்." சரி என்றோ மாட்டேன் என்றோ நான் வாயைத் திறப்பதற்குள் காப்பித் தோட்டத்துக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் ஆளைக் காணோம்.

ஒரு எட்டு என்றவர் திரும்பி வர ஐம்பது நிமிடம் ஆயிற்று. சில்லறை டப்பா மூடிகூட இல்லாமல் என் காலடியில் இருந்தது. நான்கைந்து கார்கள் நின்றன. வியாபாரம் செய்தேன் ஐயா! மிளகு என்ன விலை என்று ஆயா சொல்லவில்லை, நானாக 100 ரூபாய் என்று வைத்து மூன்று பொட்டலம் விற்றேன். ஒருவர் 500 நோட்டை நீட்டியபோது டப்பாவில் சில்லறை போதாமல் என் பர்ஸிலிருந்து போட்டுக் கொடுத்தேன். ஒரு அம்மா பேரம் பேசினார், சொந்தக் கடையாக இருந்தால் பத்து ரூபாய் குறைத்திருப்பேன், அடுத்தவர் கடை என்பதால் மனசு வரவில்லை. ஆயா வந்ததும் மூச்சு விடாமல் கணக்கு ஒப்பித்தேன். அவர் எண்ணக்கூட இல்லை, அப்படியே அள்ளிச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார்.

"எப்படி ஆயா என்னை நம்பி விட்டுட்டுப் போனீங்க?" என்று கேட்டதற்குச் சிரித்தார். "நம்பாம? மேல போனாலும் இதே ரோடு, கீழ போனாலும் இதே ரோடு. கொய்யாக்காயத் தூக்கிக்கிட்டு எங்க போவ?"

அன்றிலிருந்து இதே யோசனைதான். அவர் ஏன் நம்பினார் என்பது ஒரு பக்கம். நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்பதுதான் எனக்குப் பெரிய புதிர். நான் ஒன்றும் உத்தமன் இல்லை. காலேஜ் நாட்களில் டிக்கெட் எடுக்காமல் ரயிலேறியவன். ஒரு டீக்கடையில் எடுத்துக்கொண்டு வந்த யாருடையதோ குடை இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. அப்படிப்பட்டவன் ஐம்பது நிமிடம் ஒரு கொய்யாவைக்கூட எடுத்துத் தின்னாமல் காவல் இருந்தேன். ஏன்?

லீபஜார் மூட்டை

முதலில் ஒரு திருத்தம். கீழே போக குப்பனூர் வழி ஒன்று இருக்கிறது, ஆயாவுக்குத் தெரியாமல் இருக்காது. உங்களைச் சமாதானப்படுத்தச் சொன்ன பதில் அது.

இரண்டாவது, அவர் உங்களை நம்பவே இல்லை. அவருக்குக் குரங்கு ஓட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. டப்பாவில் மிஞ்சிப்போனால் முந்நூறு ரூபாய் இருந்திருக்கும். குரங்குக் கூட்டம் இறங்கினால் அன்றைய சரக்கு மொத்தமும் போயிருக்கும். முந்நூறு ரூபாயைப் பணயம் வைத்துச் சரக்கைக் காப்பாற்றிக்கொண்டார், நல்ல வியாபாரி. இதில் தத்துவம் தேடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை

மூட்டை அண்ணன் சொல்வதுபோல எல்லாவற்றையும் லாப நஷ்டமாகப் பார்த்தால், நம்புவதே முட்டாள்தனம் என்றுதான் முடியும். 1995இல் பெர்க், டிக்கட், மெக்கேப் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு விளையாட்டு வைத்தார்கள். ஒருவர் கையில் 10 டாலர். அதில் எவ்வளவு வேண்டுமானாலும் இன்னொரு அறையில் இருக்கும் முகம் தெரியாத ஆளுக்கு அனுப்பலாம். அனுப்புவது போய்ச் சேரும்போது மூன்று மடங்காகும். வாங்கியவர் இஷ்டப்பட்டால் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பலாம், இல்லையென்றால் மொத்தத்தையும் பையில் போட்டுக்கொள்ளலாம். யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பேர் கெடாது, நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டியதும் இல்லை. வெறும் லாப நஷ்டக் கணக்குப்படி யாரும் ஒரு பைசா அனுப்பக்கூடாது. ஆனால் 32 பேரில் 30 பேர் அனுப்பினார்கள், சராசரியாக 5 டாலருக்குக் கொஞ்சம் மேலே. திரும்பி வந்ததன் சராசரி 5க்குக் கொஞ்சம் கீழே.

கவனியுங்கள், நம்பியவர்களுக்குச் சராசரியாகச் சின்ன நஷ்டம்தான். அப்படியும் நம்பினார்கள். அங்கே ஓட்டுவதற்குக் குரங்கும் இல்லை.

தராசுத்தட்டு

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்களுடையது கொலுசுத் தொழில். மற்றவர்கள் விளையாட்டு வைத்துப் பார்ப்பதை எங்கள் அப்பா தினமும் காலையில் செய்தார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், சேலத்துக் கொலுசு ஒரே கூரைக்கடியில் உருவாவதில்லை. உருக்குவது ஒரு இடம், கம்பி இழுப்பது ஒரு இடம், பற்றவைப்பது ஒரு வீடு, மெருகு போடுவது இன்னொரு வீடு. செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம், பள்ளப்பட்டி என்று வெள்ளி கை மாறிக்கொண்டே இருக்கும். எடை போட்டுக் கொடுப்போம், வேலை முடிந்து எடை போட்டு வாங்குவோம், நடுவில் சேதாரம் என்று ஒரு கழிவு உண்டு. இரண்டு கிலோ வெள்ளிக்கு அப்பா வைத்திருந்த பத்திரம், பழைய காலண்டர் தாளில் பென்சிலால் எழுதிய ஒரு வரி. வெள்ளி கிலோ 1 லட்சத்தைத் தாண்டிய பிறகும் இன்றைக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஓடுகிறது.

இது அன்பு இல்லை. ஒருவன் ஒரு தடவை ஏமாற்றினால் சாயங்காலத்துக்குள் நாலு தெருவுக்கும் செய்தி போய்விடும், பிறகு யாரும் அவனுக்குக் கம்பி கொடுக்க மாட்டார்கள். நாளைக்கும் வேலை வேண்டும் என்பவன் இன்றைக்குத் திருடமாட்டான். அதனால்தான் காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் ஒரே பெயர் வைத்தார்களோ என்று தோன்றும், இரண்டுக்கும் நாணயம் என்கிறோம்.

ஆனால் இந்தக் கணக்குக்குள் அடங்காத ஒன்றும் உண்டு. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒருவர் எங்கள் வெள்ளியோடு ஊரைவிட்டே போய்விட்டார். அந்நியர் இல்லை, தூரத்துச் சொந்தம்தான். அவருடைய அம்மா எங்களுக்குப் பற்றவைப்பு வேலை செய்துகொண்டிருந்தவர். அடுத்த திங்கட்கிழமை அந்த அம்மா வழக்கம்போல வாசலில் வந்து நின்றார். அப்பா ஒன்றும் பேசாமல் எடை போட்டுக் கொடுத்தார். அதன்பிறகு கண் பார்வை மங்கி அவர் வேலையை விடும்வரை, அவர் கொண்டுவந்த ஒவ்வொரு எடையிலும் இரண்டு கிராம், மூன்று கிராம் கூடுதலாகவே இருக்கும். தனக்கு உரிமையான சேதாரத்தை அவர் முழுசாக எடுத்துக்கொண்டதே இல்லை. "அதிகமா இருக்கு, எடுத்துக்கங்க அக்கா" என்று அப்பா சொன்னால் காது கேட்காததுபோல எழுந்து போய்விடுவார்.

அப்பா ஏன் கொடுத்தார் என்று நான் கேட்டதில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

ஐந்துரோடு அம்மணி

தராசுத்தட்டு அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு எதுவும் ஓடவில்லை.

இருந்தாலும் இந்த இழையில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும். முன்பின் தெரியாதவரை நம்புவது எல்லாருக்கும் கிடைக்கிற வசதி இல்லை. இதே மலைப்பாதையில் வண்டி நின்று, தனியாக நான் இருந்து, ஒரு ஆள் வந்து "வாங்க, மேலே விட்டுடறேன்" என்றால் என் கணக்கு வேறு. ராத்திரி பதினோரு மணிக்குப் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன். அது அவநம்பிக்கை இல்லை, பழக்கம். ஏமாந்தால் உங்களுக்குப் போவது முந்நூறு ரூபாய்.

ஆனால் அதே நான், கூட்டமான டவுன் பஸ்ஸில் ஏறினால் உட்கார்ந்திருக்கிறவர் மடியில், அவர் யார் என்றே தெரியாது, பையைத் தூக்கிப் போட்டுவிடுவேன். பை என்ன பை, என் பெண் கைக்குழந்தையாக இருந்தபோது அவளையே கொடுத்திருக்கிறேன். முன்பக்கம் குழந்தை, படிக்கட்டுப் பக்கம் நான், நடுவில் பத்துப் பேர். ஒரு நிமிடம்கூடப் பயந்ததில்லை. வாங்கிக்கொண்டவரும் என்னவோ சொந்தப் பேத்தி மாதிரி வேடிக்கை காட்டிக்கொண்டு வருவார். முன்பெல்லாம் கண்டக்டருக்கு நோட்டு ஆறு கை மாறிப் போய், டிக்கெட்டும் மீதியும் ஆறு கை மாறித் திரும்பும். 2021 மே முதல் டவுன் பஸ்ஸில் எங்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் அந்தக் காட்சி குறைந்துவிட்டது.

பஸ்ஸில் குழந்தையைக் கொடுக்கிறேன், தெருவில் சாவிக்கொத்தைப் பிடிக்கிறேன். ஆள் ஒன்றுதான், ஊரும் ஒன்றுதான். அப்படியென்றால் நான் நம்புவது மனிதரையா, இடத்தையா?

லீபஜார் மூட்டை

இடத்தைத்தான். பஸ்ஸில் ஐம்பது ஜோடிக் கண் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

கண் என்றதும் ஞாபகம் வந்தது. 2006இல் இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில், டீ காப்பி குடித்துவிட்டு நாமே காசு போடும் பெட்டிக்கு மேலே ஒரு வாரம் பூப் படம், மறு வாரம் உற்றுப் பார்க்கும் கண் படம் என்று மாற்றி மாற்றி ஒட்டினார்கள். கண் படம் இருந்த வாரங்களில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு காசு விழுந்தது. பின்னால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது இவ்வளவு வித்தியாசம் வரவில்லை, அதனால் இதை ரொம்பவும் பிடித்துக்கொள்ள வேண்டாம். நம் கடைகளில் வாசலுக்கு வாசல் தொங்கும் கண் திருஷ்டிப் படத்துக்கு இப்படி ஒரு வேலையும் இருக்குமோ என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கண் இல்லாத இடத்துக்கும் ஆய்வு உண்டு. 2019இல் வெளியானது. 40 நாடுகள், 355 நகரங்கள், 17,000க்கும் மேற்பட்ட பர்ஸ்கள், இந்தியாவும் உண்டு. ஹோட்டல், வங்கி, தபால் ஆபீஸ் மாதிரி இடங்களின் வரவேற்பு மேசையில் "தெருவில் கிடந்தது, நீங்களே சேர்த்துவிடுங்கள்" என்று கொடுத்துவிட்டு ஆய்வாளர்கள் போய்விடுவார்கள். பர்ஸுக்குள் இருப்பது வெளியே தெரியும்படி இருக்கும், உள்ளே சொந்தக்காரர் ஈமெயில் முகவரி, மளிகை லிஸ்ட், ஒரு சாவி. சிலவற்றில் பணம், சிலவற்றில் இல்லை. பணம் இருந்தால் அமுக்கிவிடுவார்கள் என்றுதானே நினைப்போம்? பணம் இருந்தால் கூடுதலாகத் திரும்பும் என்று பொருளாதார நிபுணர்கள்கூடக் கணிக்கவில்லை. நடந்தது தலைகீழ். பணம் இல்லாத பர்ஸுக்கு 40 சதவீதம் பேர் சொந்தக்காரரைத் தொடர்புகொண்டார்கள், பணம் இருந்ததற்கு 51 சதவீதம் பேர். மூன்று நாடுகளில் தொகையை 94 டாலருக்கு ஏற்றிப் பார்த்தபோது 72 சதவீதம்.

ஆய்வாளர்கள் சொல்லும் காரணத்தில் பாதி, பறிகொடுத்தவர்மேல் இரக்கம். சாவி இருந்த பர்ஸ் கூடுதலாகத் திரும்பியதே அதற்குச் சாட்சி, எடுத்தவருக்கு அந்தச் சாவியால் ஒரு பிரயோசனமும் இல்லை. மீதிப் பாதி, தன்னைத் தானே திருடன் என்று பார்க்கச் சகிக்காதது. பணம் கூடக்கூட அந்தப் பட்டம் கனக்கிறது. குடையை வைத்துக்கொண்ட கொண்டைஊசி, டப்பாவைத் தொடாததன் ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன். குடை எடுத்தவனை யாரும் திருடன் என்பதில்லை, மறதிக்காரன் என்பார்கள்.

கொண்டைஊசி20

குடை விஷயத்தை இனி யாரும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாகலூர்க்காரன்

மேலிருந்து எழுதுகிறேன். மூன்று விஷயம்.

ஒன்று, மலையில் இது அதிசயமே இல்லை. கீழே மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி பஸ் டிரைவரிடம் கொடுத்தால் எங்கள் ஊர் நிறுத்தத்தில் இறக்கிவிடுவார், அங்கே நிற்கிற எவரிடமாவது கொடுப்பார், அவர் வீட்டில் சேர்ப்பார். காப்பி மூட்டையை ரோட்டோரம் அடுக்கிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போவோம், ஜீப் வந்து ஏற்றிக்கொள்ளும். மலையில் எல்லாவற்றுக்கும் இன்னொரு ஆளின் கை தேவை. நம்பமாட்டேன் என்று உட்கார்ந்தால் மாத்திரை வராது.

இரண்டு, கொண்டைஊசி அண்ணனை ஆயா நம்பினார், சரி. ஏன்? வண்டி, கண்ணாடி, ஷூ. நான் அதே சேலத்தில் நகைக்கடைக்குள் நுழைந்தால் செக்யூரிட்டி இரண்டு அடி பின்னாலேயே வருவார். என் நிறம், என் சட்டை, என் பேச்சு. எங்கள் மலைக்காரர்கள் உங்களைப் பார்த்த உடனே நம்புகிறார்கள், கீழே வந்தால் எங்களுக்கு அது திரும்பக் கிடைப்பதில்லை. நம்பிக்கை என்று பேசும்போது எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் பாருங்கள். எங்கள் தாத்தா, கீழிருந்து வந்த ஒருவர் "சும்மா ஒரு தாள்தான்" என்று சொன்னதை நம்பிக் கைரேகை வைத்தார். நாங்கள் இப்போது வேலைக்குப் போகும் தோட்டம் அதுதான்.

மூன்று, பொட்டலம் எவ்வளவு எடை இருந்தது?

கொண்டைஊசி20

உங்கள் இரண்டாவது விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. உண்மை. நான் அதை யோசிக்கவே இல்லை.

பொட்டலம் கால் கிலோ இருக்கும்.

நாகலூர்க்காரன்

கால் கிலோ மிளகை 100 ரூபாய்க்கா விற்றீர்கள்? மொத்த வியாபாரிகூட அந்த விலைக்குக் கேட்க வெட்கப்படுவார். ஆயாவுக்குப் பொட்டலத்துக்கு நூறாவது நஷ்டம்.

லீபஜார் மூட்டை

மண்டிக்காரனாகச் சொல்கிறேன், இதுதான் இந்த இழையிலேயே உருப்படியான தகவல். எங்களிடம் ஆள் எடுக்கும்போது கை சுத்தமா என்று ஒரு கேள்வி, விவரமானவனா என்று இன்னொரு கேள்வி. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாதவனால் ஆகும் நஷ்டம் திருடனால் ஆகும் நஷ்டத்தைவிட அதிகம். திருடன் அளவாக எடுப்பான்.

இன்னொன்று. 2012இல் கொங்குப் பக்கம் ஈமு கோழியில் காசு போட்டு எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வந்தது? எங்கள் பெரியப்பா போட்டார். யார் பேச்சைக் கேட்டு? மச்சான் பேச்சை. மச்சான் யாரை நம்பினார்? கோயில் கமிட்டியில் கூட இருந்தவரை. ஒருத்தர்கூட அந்நியர் இல்லை. நான் வாழ்க்கையில் இழந்த பெரிய தொகை எல்லாம் "நம்ம ஆளு" வாங்கியதுதான். முகம் தெரியாத லாரி டிரைவர்கள் இருபது வருடமாக என் சரக்கை ஏற்றிப் போகிறார்கள், ஒரு மூட்டை குறைந்ததில்லை. தெரியாதவனிடம் கேள்வி கேட்போம். தெரிந்தவனிடம் கேட்கக் கூச்சம்.

ஐந்துரோடு அம்மணி

அந்தக் கூச்சத்துக்குத்தான் முகதாட்சண்யம் என்று பேர்.

கணக்குப்பிள்ளை

அம்மணி, அங்கேதான் நான் வரப் பார்த்தேன். டன்னிங் என்ற உளவியலாளரும் கூட இருந்தவர்களும் 2014இல் எழுதினார்கள். அவர்கள் ஆய்விலும் ஆட்கள் முகம் தெரியாதவரிடம் பணத்தைக் கொடுத்தார்கள், அதே ஆட்களிடம் "திரும்பி வருமா?" என்று கேட்டால் "சந்தேகம்தான்" என்றார்கள். திரும்பி வராது என்று நினைத்தும் கொடுத்தார்கள்! ஏனென்றால், கொடுக்காவிட்டால் "உன்னை நான் யோக்கியன் என்று நினைக்கவில்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னதுபோல ஆகும், அது மரியாதை இல்லை என்று தோன்றியிருக்கிறது. அவர்கள் பக்கம் பக்கமாக விளக்கியதற்கு நம் பாட்டிகள் ஒரே சொல் வைத்திருந்தார்கள்.

எனக்கு இதிலிருந்து தோன்றுவது: ஆயா கணக்குப் போட்டு நம்பவில்லை. நின்றுகொண்டிருக்கிற ஒரு ஆளிடம் கேட்டார், அவ்வளவுதான். கொண்டைஊசியும் கணக்குப் போட்டு நேர்மையாக இருக்கவில்லை. முகத்துக்கு நேரே ஒரு மரியாதை வந்து விழுந்தது, கீழே போட மனசு வரவில்லை. தராசுத்தட்டு அப்பா கொடுத்ததும், அந்த அம்மா இரண்டு கிராம் கூட்டிக் கொண்டுவந்ததும் இதே வகை.

தராசுத்தட்டு

இருக்கலாம். ஆனால் எங்கள் வாசலில் தராசு ஒன்று இருந்தது என்பதையும் மறக்காதீர்கள். தராசு இல்லாமல் இருந்திருந்தால் அந்த அம்மா இரண்டு கிராம் கூட்டியது யாருக்குத் தெரிந்திருக்கும்? கணக்குப் பார்ப்பது அவமானம் என்று நாங்கள் நினைப்பதில்லை. எடை போடுவதால்தான் சந்தேகப்படாமல் இருக்கமுடிகிறது. இப்போது டீக்கடையில் பணம் வந்ததும் சத்தமாகச் சொல்கிற பெட்டி வைத்திருக்கிறார்களே, அதுவும் தராசுதான். கடைக்காரர் உங்கள் போனை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, உங்களுக்கும் மரியாதை குறையவில்லை.

நாகலூர்க்காரன்

எங்கள் தாத்தாவிடம் ஒரு தராசு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுத்து தெரிந்த ஒரு ஆள்.

ஐந்துரோடு அம்மணி

🙏

கொண்டைஊசி20

இன்றைக்கு மறுபடி போய்வந்தேன். ஆயாவுக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. குரங்கு ஓட்டியவன் என்றதும்தான் தெரிந்தது. மிளகு விலை தெரியாமல் விற்றுவிட்டேன், 300 ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன். "அன்னிக்கே தெரியும் தம்பி" என்றார். அப்புறம் ஏன் சொல்லவில்லை என்றால், "வெயில்ல நின்னு வித்துக் கொடுத்த புள்ளைகிட்ட அதச் சொல்லுவாங்களா?"

பணத்தை வாங்க மாட்டேன் என்றார். கொஞ்ச நேரம் இழுபறி. கடைசியில் மிளகு இரண்டு பொட்டலம் சரியான விலைக்கு வாங்கிக்கொண்டேன், அதற்கும் ஒரு கொய்யா கொசுறு. கிளம்பலாம் என்று வண்டியைத் தொட்டேன், ஆயா காலிக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "இருக்கறதுதான் இருக்க, ஒரு நடை தண்ணி கொண்டாந்துடறேன். மிளகு இருநூறு, மறந்துடாத" என்றார்.

லீபஜார் மூட்டை

குரங்கு வந்ததா?

கொண்டைஊசி20

வந்தது. கல்லைக் காட்டினேன், மதிக்கவில்லை. நாலு கொய்யா போயிற்று. ஆயா வந்ததும் சொன்னேன், எண்ணிப் பார்த்துவிட்டு அஞ்சு என்றார்.